வயலின் சாரிடம் நான் சொன்ன பொய்

அன்புள்ள கயல்,

போனில் சொல்லிவிடுங்கள் என்றுதான் உன் அம்மா சொன்னாள். ஆனால் போனில் இப்போதெல்லாம் உன் பேச்சு பாதிதான் எனக்கு வந்து சேருகிறது. நீ விசாகப்பட்டினத்திலிருந்து ஒன்று கேட்க, நான் திருவொற்றியூரில் உட்கார்ந்துகொண்டு வேறு எதற்கோ பதில் சொல்ல, நீ "செரி நைனா, செரி நைனா" என்று விட்டுவிடுவது எனக்குத் தெரியாமல் இல்லை. அதனால் எழுதுகிறேன். இது கொஞ்சம் நீளமாகப் போகும். பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு நிதானமாகப் படி.

போன வாரம் அம்மா என்னைக் காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் பெரிய ஹெட்போனை மாட்டிவிட்டு, டெஸ்ட் எடுக்கும் பெண் என் கையில் ஒரு பட்டனைக் கொடுத்தது. "சத்தம் கேட்டா அமுக்குங்க சார்." முதலில் கப்பல் சங்கு மாதிரி அடித்தொண்டைச் சத்தங்கள் வந்தன. அமுக்கினேன். பிறகு கொஞ்சம் மெல்லியவை. அதற்கும் அமுக்கினேன். அப்புறம் ஒன்றும் வரவில்லை. மெஷினில் ஏதோ கோளாறு போலிருக்கிறது, அந்தப் பெண் சரிசெய்கிறது என்று நினைத்துக் காத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண்ணின் கை எதையோ திருப்பிக்கொண்டே இருந்தது. கடைசியில் கதவைத் திறந்து, "முடிஞ்சிடுச்சு சார்" என்றது. "கடைசியா சத்தமே வுடலியேம்மா?" என்று கேட்டேன். அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்காமல், "விட்டேன் சார்" என்றது.

டாக்டர் காகிதத்தில் ஒரு கோடு காட்டினார். நேராகப் போய்ப் பாதியில் சரிந்து விழுகிற கோடு. உயர்ந்த, மெல்லிய சத்தங்களெல்லாம் போய்விட்டன, வலது காதில் இன்னும் மோசம், முப்பது வருஷம் டீசல் கிரேனில் உட்கார்ந்தவருக்கு இது ஆச்சரியமில்லை என்றார். அம்மா விடவில்லை. "நான் கூப்டா மட்டும் காது கேக்க மாட்டேங்குது டாக்டர். அதுக்கும் கிரேனுதான் காரணமா?" என்றாள். டாக்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "வயலின் கேக்குமா டாக்டர்?" என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "வாசிப்பீங்களா?" என்றார். "இல்ல. கேப்பேன்." கீழ்த்தந்திகள் நன்றாகவே கேட்கும், மேலே போகப் போக மறையும், காதில் மெஷின் வைத்தால் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும், ஆனால் பழைய மாதிரி இருக்காது என்று அவர் சொன்னார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஷேர் ஆட்டோவில் நான் வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். அம்மா நான் காதை நினைத்துக் கவலைப்படுவதாக எண்ணிக்கொண்டாள். நான் உன்னை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வயலின் இசை நம் வீட்டுக்கு எப்படி வந்தது என்று உனக்குத் துண்டு துண்டாகத்தான் சொல்லியிருக்கிறேன். உன் அம்மா உன்னை வயிற்றில் வைத்திருந்த சமயம். ஹார்பரில் ஒரு சரக்குக் கப்பல் இன்ஜின் பழுதாகி மூன்று வாரம் போல நின்றுவிட்டது. அதில் ஓர் இன்ஜினியர், அறுபது வயதிருக்கும், அமெரிக்காவில் ஏதோ மலைப்பக்கத்துக்காரர். மதியம் சாப்பாட்டு நேரத்தில் கப்பலின் மேல்தட்டில் வந்து உட்கார்ந்து வயலின் வாசிப்பார். நம் ஊர்க் கச்சேரிகளில் தரையில் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரியும் இல்லை, சர்ச்சில் தாடையில் இடுக்கிக்கொண்டு வாசிக்கிற மாதிரியும் இல்லை. கைக்குழந்தையைச் சாய்த்துப் பிடிப்பதுபோல நெஞ்சில் வைத்துக்கொண்டு, காலால் இரும்புத் தட்டில் உதைத்துக்கொண்டு வாசிப்பார். நான் கிரேனை நிறுத்திவிட்டு, டிபன் பாக்ஸைத் திறந்து வைத்தபடி சாப்பிட மறந்து கேட்டுக்கொண்டிருப்பேன். மூட்டை தூக்குகிறவர்கள் சுற்றி வந்து நிற்பார்கள். "இன்னாமா இஸ்க்கிறான் பாரு நைனா கெய்வன்!" என்று கிழவரைக் காட்டி எங்கள் மேஸ்திரி கத்தியதும், ஒருத்தர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடவே ஆரம்பித்துவிட்டார். நம் ஆட்டம்தான், காசிமேட்டுத் திருவிழாவில் ஆடுகிற அதே ஆட்டம். அது அந்த வயலினுக்குப் பொருந்திப் போனது. இன்ஜினியர் ஆடுகிறவரின் காலைப் பார்த்து வேகத்தைக் கூட்டினார். அவர் பேச்சு எங்களில் யாருக்கும் விளங்கவில்லை. கப்பல் கிளம்புவதற்கு முந்தின நாள் அவர் படியிறங்கி வந்து என் கையில் ஒரு கேசட்டை வைத்துத் தோளில் தட்டிவிட்டுப் போனார். அவர் வாசிப்பை எத்தனையோ பேர் நின்று கேட்டார்கள். என்னை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று தெரியவில்லை. சாப்பிட மறந்தவன் நான் ஒருத்தன்தான் என்பதைப் பார்த்திருப்பார்.

கேசட்டின் மேல் எழுதியிருந்தது வியர்வையில் கலைந்துவிட்டது. அதனால் யார் வாசித்தது, என்ன பாட்டு, எதுவும் எனக்குத் தெரியாது. இந்த வகைக்கு கன்ட்ரி என்றும் புளூகிராஸ் என்றும் பெயர், அங்கே வயலினை ஃபிடில் என்பார்கள் என்பதெல்லாம் செல்போன் வந்த பிறகு தெரிந்துகொண்டது. நம் பக்கத்திலும் பழைய ஆட்கள் பிடில் என்றுதானே சொல்வார்கள், அதைப் பார்த்தபோது எனக்குச் சொந்தக்காரரைக் கண்ட மாதிரி இருந்தது. முதல் தடவை வீட்டில் போட்டபோது உன் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னாய்யா இது, பூனை சண்டை போட்டுகினு கீறா மாரி?" என்றாள். நானும் மறுக்கவில்லை. முதலில் கேட்கும்போது எல்லாம் ஒரே ஓட்டமாகத்தான் இருக்கும். பத்துத் தடவை கேட்ட பிறகுதான் அதில் ஒரு வீடு கட்டப்பட்டிருப்பது தெரிகிறது. மெட்டு இரண்டு பாதியாக இருக்கும். முதல் பாதியை இரண்டு முறை வாசிப்பார்கள், அடுத்த பாதியை இரண்டு முறை. பிறகு மறுபடியும் ஆரம்பம். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் ஏதாவது ஓரிடத்தில் ஒரு சின்ன வளைவு, ஒரு வழுக்கல், பக்கத்துத் தந்தியையும் சேர்த்து இழுத்து இரண்டு குரலாக ஆக்குவது, இப்படி எதையாவது மாற்றிவிடுவார்கள். மேளமே கிடையாது. வில் தந்தியில் படுகிற அழுத்தத்திலேயே தாளம் இருக்கும், தண்டவாளத்தில் சக்கரம் போகிற மாதிரி. பிடில் தன் சுற்றை முடித்தால் மாண்டலினுக்கு வழிவிட்டு ஒதுங்கும், மாண்டலின் பாஞ்சோ என்கிற தந்தி வாத்தியத்துக்கு வழிவிடும். ஒதுங்கினவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். முன்னால் நிற்பவருக்குத் தாங்கலாக அடியில் வாசித்துக்கொண்டே இருப்பார்கள். எனக்கு அதில் மிகவும் பிடித்தது அதுதான்.

நீ தவழும்போதே அந்த டேப்ரிக்கார்டருக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவாய். பேசத் தெரிந்ததும் பாட்டுகளுக்கெல்லாம் நீயே பெயர் வைத்தாய். கோழி கொக்கரித்துக்கொண்டே ஓடுகிற மாதிரி ஒன்று இருந்ததே, அதற்குக் கோயி பாட்டு. மணலிக்குப் போகிற டேங்கர் லாரிகளின் இரைச்சல் மாதிரி அடியில் கனமாக உருளும் ஒன்றுக்கு லாரி பாட்டு. மெதுவாக மூன்று மூன்றாக அசைந்து போகும் ஒன்று இருந்தது, அதற்கு நீ வைத்த பெயர் 'அம்மாக்குக் கோவம் போச்சு'. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா சங்கரா மீனைச் செதில் சீவிக்கொண்டிருப்பாள். நாம் இருவரும் தரையில் படுத்துக்கொண்டு, இந்தத் தடவை அடியில் கனமாக ஒலிக்கும் பாஸ் மட்டும் கேட்போம், அடுத்த தடவை மாண்டலின் மட்டும் கேட்போம் என்று போட்டி வைத்துக்கொள்வோம். ஒரு பாட்டில் வாசிப்பவர் மூச்சை இழுப்பது கேட்கிறது என்று முதலில் கண்டுபிடித்தது நீதான். உனக்கு ஆறு வயது. நான் அத்தனை வருஷம் கேட்டும் என் காதில் அது விழவில்லை. இன்றும் எதையாவது ரசிக்க வேண்டுமென்றால் அப்படித்தான் செய், கயல். மொத்தமாக அள்ளப் பார்க்காதே. ஒரு குரலைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே கடைசிவரை போ. மனிதர்கள் விஷயத்திலும் எனக்கு இது உதவியிருக்கிறது.

உன்னைக் காலடிப்பேட்டை வயலின் சாரிடம் சேர்த்தது உன் பிடிவாதத்தால். அங்கே வருகிற பிள்ளைகளெல்லாம் வங்கி அதிகாரி வீட்டுப் பிள்ளைகள், டாக்டர் வீட்டுப் பிள்ளைகள். உன்னைக் கூட்டிப்போக வரும்போது மற்ற பெற்றோர்கள் வராந்தாவில் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். நான் தெருவிலேயே வண்டியில் உட்கார்ந்திருப்பேன். யாராவது பேச்சுக் கொடுத்தால் 'கீது', 'வந்துகினு' எதுவும் வாயில் வந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொரு வார்த்தையாகப் பொறுக்கிப் பேசுவேன். யாரும் என்னை ஒரு சொல் தப்பாகச் சொன்னதில்லை. நானாகவேதான் சுருங்கிக்கொண்டேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், சாருடைய வகுப்பின் ஆண்டு விழா அன்று நடந்ததற்கு இதுதான் வேர்.

அன்று உனக்குப் பன்னிரண்டு வயது. பச்சைப் பட்டுப்பாவாடை. மோகன ராகத்தில் ஒரு பாட்டு உனக்குக் கொடுத்திருந்தார்கள். அதைத் தப்பில்லாமல் வாசித்து முடித்தாய். கைதட்டினார்கள். நீ இறங்கி வரவேண்டியவள், இறங்கவில்லை. வயலினைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக் கோயி பாட்டை ஆரம்பித்தாய். கேசட்டில் கேட்டதைத் தவிர உனக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை. எப்போது பழகினாய் என்றுகூட எனக்குத் தெரியாது. மிருதங்கக்காரர் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் விழித்தார். பின்வரிசைப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே தட்ட ஆரம்பித்தார்கள். முன்வரிசையில் சிறப்பு விருந்தினராக வந்திருந்த பெரிய மனிதர் பக்கத்திலிருந்தவரிடம் குனிந்து ஏதோ சொல்லி உதட்டைப் பிதுக்கினார். அதை நான் பார்த்துவிட்டேன்.

நிகழ்ச்சி முடிந்ததும் வயலின் சார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். சுற்றிலும் மற்ற பெற்றோர்கள். "இதை யாரு சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டார். நான் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டேன். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க சார். டிவியில எங்கயாவது பாத்திருப்பா. எங்க வீட்ல இந்த மாதிரியெல்லாம் யாரும் கேக்கறதில்லை. நான் கண்டிச்சு வெக்கிறேன்" என்றேன். சார் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். "அப்படியா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் திரும்பினேன். வயலின் பெட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நீ என் பின்னால் நின்றுகொண்டிருந்தாய்.

வண்டியில் வரும்போது நீ ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் நீ பள்ளிக்கூடம் போய்விட்டாய். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கேசட்டைக் கையில் எடுத்தபோது நீ எழுந்து மாடிக்குப் போனாய். அதற்கப்புறம் இரண்டு வருஷம் வகுப்புக்குப் போனாய், கொடுத்ததை மட்டும் வாசித்தாய், பத்தாம் வகுப்பு வந்ததும் நிறுத்திக்கொண்டாய். படிப்புச் சுமை என்று எல்லோரிடமும் சொன்னோம். நான் அந்த இசையை விடவில்லை. அதுதான் இன்னும் வெட்கம். இயர்போன் மாட்டிக்கொண்டு, காசிமேட்டில் அலையைத் தடுக்கக் கொட்டியிருக்கும் பாறைகளின் மேல் போய் உட்கார்ந்து தனியாகக் கேட்டேன். செல்போன் வந்த பிறகு நூற்றுக்கணக்கில் கிடைத்தன. வயதானவர்கள் நான்கு பேர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு வாசிப்பது, புல்வெளியில் கூட்டமாக வாசிப்பது எல்லாம் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் உனக்கு அனுப்பலாம் என்று எடுப்பேன். அனுப்பாமல் வைத்துவிடுவேன்.

டாக்டரிடம் போய் வந்த மறுநாள் காலை நான் வயலின் சார் வீட்டுக்குப் போனேன். அதே மாடி, அதே வராந்தா. சாருக்கு எண்பதை நெருங்குகிறது, ஆனால் ஆள் இன்னும் விறைப்பாகத்தான் இருக்கிறார். உன் பெயரைச் சொன்னதும் அடையாளம் கண்டுகொண்டார். நான் உட்காராமலே சொன்னேன். "சார், அன்னிக்கி ஃபங்ஷன்ல கயலு வாசிச்சிச்சே, அது எனக்குத் தெரியாதுன்னு சொன்னேன் பாருங்க, அது பொய்யி சார். அது என் கேசட்டு. சின்ன வயசுல இருந்து எங்க வூட்ல நாங்க ரெண்டு பேரும் கேட்டுகினு இருந்தது. பெரிய மனுசங்க முன்னாடி பயந்துகினு அப்டி சொல்லிட்டேன்." வார்த்தையைப் பொறுக்கவில்லை. வந்தபடி வந்தது.

சார் என்னைக் கையைப் பிடித்து உட்காரவைத்தார். "எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றார். "மேடையை விட்டு இறங்கின உடனே அவகிட்டதான் மொதல்ல கேட்டேன். 'எங்க நைனா சார், நைனாவுக்கு இந்த மாதிரி நெறைய தெரியும், கேசட்டே வெச்சிருக்காரு'னு குதிச்சா. அதான் உங்களைத் தேடி வந்தேன். நான் கோவமா வரலைங்க. அம்பது வருஷமா வயலின் வாசிக்கறேன், வில்லை அப்படிப் போட்டு நான் கேட்டதே இல்லை. அந்தக் கேசட்டைக் கேட்டு வாங்கலாம்னு வந்தேன்."

சார் விடாமல் சொன்னார். "அதோட முடியல. அடுத்த கிளாஸுக்கு மத்த பிள்ளைங்களுக்கு முன்னாடியே வந்து நின்னா. 'சார், நான்தான் உங்ககிட்ட பொய் சொன்னேன். நைனாவுக்கு இதெல்லாம் தெரியாது. நைனாவைத் தப்பா நெனச்சுக்காதீங்க'ன்னா. கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு நிக்குது, குரல் மட்டும் நடுங்கல."

"நீங்க ஏன் சார் என்னாண்ட சொல்லல?"

"பன்னெண்டு வயசுப் பொண்ணு அப்பாவோட மானத்தைக் காப்பாத்தணும்னு பழியைத் தூக்கித் தன் தலைல போட்டுக்கறா. அதை நான் உங்ககிட்ட சொன்னா அவ செஞ்சது வீணாப் போயிடுமேன்னு விட்டுட்டேன். நான் சொல்லியிருக்கணும். அது என் தப்பு."

கயல், இத்தனை வருஷமாக நீ அந்த இசையை என்மேல் இருந்த கோபத்தில் விட்டுவிட்டாய் என்றே நினைத்திருந்தேன். நீ என் பொய்யை உண்மையாக்க வேண்டும் என்பதற்காக விட்டிருக்கிறாய். வீட்டில் யாரும் கேட்பதில்லை என்று நான் சொன்னேன், நீ கேட்பதை நிறுத்திக்கொண்டாய். சரிதானே? தப்பாக இருந்தால் எழுது.

கேசட்டிலிருந்து என் போனில் ஏற்றி வைத்திருந்த கோயி பாட்டைச் சார் போடச் சொன்னார். மூன்று முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு தன் வயலினை எடுத்து, தரையில் சம்மணம் போட்டபடியே, மெதுவாக அதைத் தேடிப் பிடித்தார். முதல் பாதி முழுக்க எனக்கு நன்றாகக் கேட்டது. இரண்டாவது பாதி மேல்தந்திக்கு ஏறும், உனக்குத் தெரியும். அவர் விரல்கள் ஏறின. வில் போய் வந்துகொண்டிருந்தது. எனக்குச் சத்தம் நின்றுவிட்டது. மறுபடி கீழே இறங்கியபோதுதான் வயலின் எனக்குத் திரும்பி வந்தது. இடையில் இருந்ததை நான் ஞாபகத்திலிருந்து போட்டுக்கொண்டேன். டாக்டர் சொன்னது இதுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன். பயமாக இல்லை. அத்தனை வருஷம் கேட்டது எங்கேயும் போகவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பிறகு, "பூனை சண்டைன்னு நான் சொல்லிகினே இருந்தேனே, அதனாலயும் கயலு வுட்டுட்ச்சோ?" என்று கேட்டாள். இல்லை என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. உனக்கு எழுதும்போது தன்னையும் சேர்த்து எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

உன் பிள்ளை நாளைக்கு எதையாவது தலைமேல் வைத்துக் கொண்டாடிக்கொண்டு வந்து உன்முன் நிற்பான். அது உனக்குப் புரியாததாக இருக்கலாம், நாலு பேர் உதட்டைப் பிதுக்குவதாகவும் இருக்கலாம். அப்போது யார் பார்க்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்காதே. அவன் முகத்தை மட்டும் பார். நான் அன்று திரும்பிப் பார்த்தேன். ஒரு நொடிதான். வேறு புத்திமதி சொல்ல எனக்குத் தகுதியில்லை.

மறுபடி வாசி என்று நான் கேட்கவில்லை. அது உன் இஷ்டம். மெஷின் வியாழக்கிழமை வருகிறது, அதற்காக நீ லீவு போட்டுக்கொண்டு வரவும் வேண்டாம். ஒன்றே ஒன்றுதான் பாக்கி. வாசித்துவிட்டு வந்த பிள்ளைக்கு ஒரு தகப்பன் அன்றே சொல்லவேண்டியதை நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

நீ நன்றாக வாசித்தாய், கயல். இரண்டாவது பாதியில் வேகம் கொஞ்சம் கூடிவிட்டது, ஓரிடத்தில் வில் பக்கத்துத் தந்தியில் உரசியது. ஆனால் தாளம் ஒரு துளிகூட விலகவில்லை. கடைசிச் சுற்றில் அந்தக் கேசட்டில் இல்லாத ஒரு வளைவை நீயாகப் போட்டாய், அது அங்கே இருந்திருக்க வேண்டியதுதான். நான் மூன்றாவது வரிசையில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் காலால் தட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

நைனா